கை படாமல் கணினிக் கோடு (நிரல்) எழுதலாம்: கேள்வி பதில்

மணிக்கட்டு வலியால் கீபோர்டை விட்டு நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து குரல்தான் எனக்குக் கை. கேட்டவர்களுக்கு என் பதில்கள் இதோ.

அண்ணா, டிக்டேஷனில் சொன்னால் எல்லாம் வாக்கியமாகவே விழுகிறதே?

அது கடிதம் எழுதத்தான் சரிப்படும். கோடுக்கு டாலன் போடுங்கள், குரலால் கணினியை இயக்கும் மென்பொருள் அது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கூடவே பயனர்கள் சேர்ந்து எழுதிய சமூகக் கட்டளைத் தொகுப்பையும் சேர்த்துவிடுங்கள். 'ஸ்னேக் டோட்டல் பிரைஸ்' என்றால் இரண்டு சொல்லும் நடுவில் அடிக்கோட்டோடு வந்து விழும்.

டாலனில் எழுத்தைச் சொல்லும்போது ஏ, பி, சி என்று சொல்லாமல் ஏர், பேட், கேப் என்கிறார்களே, ஏன்?

பி, டி, ஈ மூன்றும் மைக்குக்கு ஒரே மாதிரி கேட்கும். தனிச்சொல் என்றால் குழப்பம் குறைவு. ஆனால் நம் நாக்குக்கு வேறொரு சிக்கல் உண்டு. b-க்கான 'பேட்', p-க்கான 'பிட்' இரண்டையும் நான் ஒரே ப-வில் தொடங்கினேன். டாலன் மாற்றி மாற்றி அடித்தது. இந்தச் சொற்களின் பட்டியல் ஒரு சாதாரணக் கோப்புதான். 'பிட்'டை எடுத்துவிட்டு 'பேப்பர்' போட்டேன், தீர்ந்தது. மானிட்டர் ஓரத்தில் பட்டியலை ஒட்டி வையுங்கள், பத்து நாளில் வாய்க்குப் பழகிவிடும்.

குரலால் கர்சரை நகர்த்தவே பாதி நாள் போகிறது அண்ணா. வேறு வழி?

'டவுன், டவுன்' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், நானும் பட்டிருக்கிறேன். கோடு எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் கர்சர்லெஸ் நீட்சியைச் சேருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் சின்னப் புள்ளி வைக்கும். புள்ளி t-யின் மேல் இருந்தால் (அதற்கான சொல் 'ட்ராப்') 'டேக் ட்ராப்' என்றதும் அந்தச் சொல் தேர்வாகும், 'சக் ட்ராப்' என்றால் அழியும். 'சக் ஃபங்க்' சொன்னால் நீங்கள் நிற்கும் ஃபங்ஷன் முழுவதுமே போய்விடும். கர்சர் எங்கே என்று தேடவே வேண்டாம். எனக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது இதுதான்.

என் தம்பிக்குக் கை அசையாது, பேச்சும் தெளிவில்லை.

கண்ணசைவுக் கருவி வாங்கிப் பாருங்கள். டோபி 5 டாலனோடு வேலை செய்யும். கண் போகும் இடத்துக்குச் சுட்டி போகும். உதட்டால் 'பப்' என்று ஒலித்தால் கிளிக். சொல்லே தேவையில்லை. அப்புறம் டாஷர் என்று ஓர் எழுதும் மென்பொருள் உண்டு, கேம்பிரிட்ஜில் டேவிட் மெக்கே குழு செய்தது. எழுத்துகள் எதிரே வரும், பார்வையை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். தம்பியையே இரண்டையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள், எது வசதி என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழில்?

டாலனின் கட்டளைகள் ஆங்கிலம்தான். தமிழில் எழுத நான் கூகுள் டாக்ஸ் குரல் தட்டச்சு வைத்திருக்கிறேன். ஒற்று விடும், பிறகு திருத்திக்கொள்கிறேன்.