கல்குவாரியில் கால் நசுங்கினால் முதலாளி மீது வழக்குத் தொடரலாமா?

ராதாபுரம் பக்கத்துக் குவாரியில் கால் நசுங்கிய உங்கள் அண்ணனிடம், 'உன் கவனக்குறைவுதான்' என்று முதலாளி கைவிரித்ததாகச் சொல்லி, வழக்குத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஊனப் பலன் அங்கிருந்தே வரும், முதலாளியிடம் தனியே இழப்பீடு கோர முடியாது. இல்லையெனில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த, இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிற வழி இருக்கிறது. அதில் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். வெறும் கவனக்குறைவு என்ற வாதம் அங்கே எடுபடாது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற வாதங்களும் மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ செல்லாது. ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்ந்திருந்தாலும் குவாரி உரிமையாளரிடமே கோரலாம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் அலட்சிய வழக்கும் போடலாம். ஆனால் அங்கே நிரூபிக்கும் சுமை உங்களுடையது. மேலும், இந்த இரண்டில் ஒன்றில் இறங்கினால் மற்றது அடைபடும். என் கருத்தில் இழப்பீட்டு மனுவே மேல்.

பழைய சட்டம் வைத்த வரம்பு இரண்டாண்டு; அதற்குள் மனுச் செய்யுங்கள். மருத்துவமனைச் சீட்டு, கூலி வாங்கிய சான்று, உடன் வேலை செய்தோரின் வாக்குமூலம் ஆகியவற்றை இன்றே திரட்டுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையெனில், திருநெல்வேலி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.