லங்காஸ்டரின் வால் கூண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கி வீரர்தான் முதலில் சாவார் என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. ஜெர்மன் இரவுப் போர் விமானங்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து வந்ததால் முதல் அடி வாலில் விழுவது சகஜம். ஆனால் விமானம் தீப்பற்றிவிட்டால் ஏழு பேருக்கும் ஏறக்குறைய ஒரே கதிதான். வீழ்த்தப்பட்ட லங்காஸ்டரிலிருந்து ஒருவர் தப்பினாலே பெரிய விஷயம். அதே காலத்து மற்றொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸில் தப்பியவர் விகிதம் தெளிவாகவே அதிகம்.

காரணத்தைக் கதவுகளில் தேட வேண்டும். லங்காஸ்டரின் முக்கியத் தப்பும் வழி மூக்கின் தரையில், குண்டு வீசுபவர் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில் இருந்தது. அகலம் 22 அங்குலம், நீளம் 26.5 அங்குலம். தடித்த உடையும் மார்பில் பாராசூட்டுமாக ஒருவர் அதில் நுழைந்து பாருங்கள்! ஹாலிஃபாக்ஸில் அகலம் 24 அங்குலம். குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த ஃப்ரீமன் டைசன், இந்த இரண்டு அங்குலம் பல உயிர்களைக் குடித்தது என்று பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். நடுவில் இருப்பவர்கள் முன்னே வர வேண்டுமானால் விமானத்துக்குள் குறுக்கே போகும் இறக்கைச் சட்டத்தைத் தாண்ட வேண்டும். விமானம் சுழலத் தொடங்கிவிட்டால் கையைத் தூக்கக்கூட முடியாது. பின்பக்கக் கதவு வழியாகக் குதித்தால் வால் இறக்கையில் மோதும் ஆபத்து உண்டு.

வால் கூண்டு, அதாவது வாலின் நுனியில் துப்பாக்கிகளோடு சுழலும் சிறு அறையில் இருக்கும் வீரரின் பாடு வேறு மாதிரி. கூண்டுக்குள் பாராசூட்டுக்கு இடமில்லை. கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதிக்குள் மாட்டியிருக்கும். முதலில் கூண்டை நேராகத் திருப்பி, முதுகுப்பக்கக் கதவைத் திறந்து, பாராசூட்டை எடுத்து மார்புக் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினால் அதே கதவு வெளிக்காற்றுக்குத் திறக்கும். பின்புறமாகச் சாய்ந்து விழலாம். கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் அழுத்தம் இடது வெளி இன்ஜினிலிருந்து வந்தது. அந்த இன்ஜின் போனால் கையால்தான் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் திரும்பிய நிலையில் கூண்டு சிக்கிக்கொண்டால் கதவு வெளியே பார்க்கும், பாராசூட் உள்ளே இருக்கும், கைக்கு எட்டாது.

கேள்வி: நான்கு துப்பாக்கிகள் இருந்தும் ஏன் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை?

அவை .303 அங்குல (சுமார் 7.7 மில்லிமீட்டர்) துப்பாக்கிகள். எதிரியிடம் இருந்தது 20 மில்லிமீட்டர் பீரங்கி. வால் வீரரின் உண்மையான வேலை பார்ப்பது. எதிரியைக் கண்டதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கத்துவார். விமானி அந்தப் பக்கம் திருகாணி போலச் சுழன்று இறங்கி ஏறுவார். தெளிவாகப் பார்ப்பதற்காகக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டையே சிலர் கழற்றிவிட்டார்கள். 20,000 அடியில் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். மின்சூடேற்றும் உடையில் ஒரு கம்பி அறுந்தால் விரல் போகும். மூச்சின் ஈரம் ஆக்சிஜன் குழாயில் உறைந்தால் ஆள் தனக்கே தெரியாமல் மயங்கிவிடுவார். விமானி அடிக்கடி இன்டர்காமில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டது அதனால்தான்.

1943-இல் வேறொரு அபாயம் வந்தது. மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கியுடன் ஜெர்மன் விமானம் அடியில் வந்து, இறக்கையின் எரிபொருள் தொட்டியைச் சுடும். ஒளிக்கோடு விடும் குண்டுகள் போடாததால் எங்கிருந்து சுட்டார்கள் என்றே தெரியாது. பெரும்பாலான லங்காஸ்டர்களுக்கு வயிற்றுப்பக்கத் துப்பாக்கி இல்லை.

கேள்வி: 30 குண்டுவீச்சுப் பயணங்கள் முடித்தால் விடுதலை என்பார்களே. எத்தனை பேர் முடித்தார்கள்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பயணத்திலும் 100-க்கு 4 விமானம் திரும்பாவிட்டால், 30 பயணம் முடிக்கும் வாய்ப்பு 100-க்கு 29தான். 5 ஆனால் 21. 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவு இந்தக் கணக்கையே புரட்டிவிடும். குண்டுவீச்சுப் படையில் மொத்தத்தில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அதில் 5,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலேயே போனவர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இந்த வீரர்களின் சில கல்லறைகளில் கற்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றனவே?

ஒரே விமானக் குழுவில் யாருடைய உடல் எது என்று பிரித்தறிய முடியாதபோது ஒன்றாகப் புதைத்து, கற்களை நெருக்கி நிறுத்துவார்கள். உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் ரன்னிமீட் நினைவிடத்தில் உள்ளன. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்.

கேள்வி: ஒருவர் கடைசியாகப் பறந்த விவரத்தை எப்படித் தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தொடங்குங்கள். பணி எண், ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), இறந்த தேதி கிடைக்கும். அடுத்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசை, அதாவது ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள். அதில் படிவம் 540 அன்றாடச் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது 541. குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், ஏற்றிய குண்டு எல்லாம் அதில்தான் இருக்கும்.

விமானத்தின் பக்கவாட்டில் எழுதிய எழுத்துகளை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்து அடுத்த விமானத்துக்குப் போய்விடும். விமானத்தின் வரிசை எண்தான் மாறாதது. தேதியும் குழப்பும். 30-ஆம் தேதி இரவு கிளம்பியவர் 31 அதிகாலையில் விழுந்திருக்கலாம், ஆவணத்துக்கு ஆவணம் தேதி மாறும். இரண்டு நாள் பக்கங்களையும் புரட்டுங்கள்.