மட்டையா பந்தா? – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பேஸ்பால் பைத்தியம். ரோஜர் கிளெமென்ஸ் 354 வெற்றிகள், சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருது ஏழு முறை பெற்ற பிட்சர். ஊக்கமருந்து வழக்கிலிருந்து 2012-இல் விடுதலையும் ஆகிவிட்டார். ஆனாலும் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடமில்லை. கோர்ட் விட்டவரை ஊர் தண்டிப்பது நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒன்று. அது ஊக்கமருந்து வழக்கே இல்லை. மருந்து போட்டதே இல்லை என்று 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னாரே, அது பொய்யா என்பதுதான் வழக்கு. ரசிகர் என்கிறீர்கள், இதைக்கூடப் பார்க்காமலா எழுதுவது? ஹால் ஆஃப் ஃபேம் விஷயமும் தண்டனை அல்ல, பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டு. 75 சதவீதம் வேண்டும். அந்த ஓட்டில் கடைசி வாய்ப்பான 2022-இல் அவருக்குக் கிடைத்தது 65.2. அவ்வளவுதான்.

அவர் திறமையை யார் மறுத்தார்கள்? ஒரே ஆட்டத்தில் 20 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), அதுவும் இரண்டு முறை. ஸ்டிரைக்அவுட்டுக்கு ஸ்கோர் அட்டையில் 'கே' என்று குறிப்பார்கள். நான்கு மகன்களுக்கும் அந்த எழுத்திலேயே பெயர் வைத்தவர்.

என்னை உறுத்துவது மருந்து இல்லை, மட்டை.

2000 ஜூலையில் எதிரணி மட்டையாளர் மைக் பியாஸாவின் தலையைப் பதம் பார்த்தது கிளெமென்ஸ் வீசிய பந்து. அக்டோபரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் மறுபடி இருவரும் எதிரெதிரே. முதல் இன்னிங்ஸிலேயே பியாஸாவின் மட்டை உடைந்து ஒரு துண்டு கிளெமென்ஸிடம் வந்தது. எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பியாஸாவுக்கு முன்னால் வீசினார். கேட்டால், பந்து என்று நினைத்தாராம்! சரி, பந்தென்றே வைத்துக்கொள்வோம். ஓடுகிறவனை அவுட்டாக்க, பந்தை முதல் பேஸில் நிற்கும் தன் ஆளுக்கு அல்லவா எறிய வேண்டும்? ஓடுகிறவன் காலடியில் எறிந்து என்ன பயன்? 50,000 டாலர் அபராதம் போட்டார்கள். அன்றைக்கு எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மட்டைக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாத கையா அது? 'கோபம் வந்தது, எறிந்தேன்' என்று சொல்லியிருந்தால் நானே அவருக்காக வாதாடியிருப்பேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஏதோ பேச்சு முற்றி அப்பா பித்தளைச் சொம்பை வீசினார். அம்மாவின் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. அடுத்த நொடியே "கை வழுக்கிடுச்சு" என்றார். எனக்குக் காய்ச்சல் என்றால் விடியவிடிய விழித்திருக்கிற மனிதர் அவர். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் குழியைச் சுண்ணாம்பு குழைத்து அவரேதான் அடைப்பார். ஒவ்வொரு வருஷமும் அது உதிர்ந்துவிடும்.

அவர் போய் வெகுநாள் கழித்து, ஒரு நாள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவே சொன்னாள்: "சொம்பு ஈரமாத்தான்டா இருந்துச்சு."