டிரம்ஸும் கிதாரும் ஒரே நேரத்தில்: இரண்டு உள்ளீடுகள் போதுமா?

கேள்வி: வீட்டில் நான் எலக்ட்ரானிக் டிரம்ஸும் தம்பி எலக்ட்ரிக் கிதாரும் வாசிக்கிறோம். சேர்ந்து வாசிப்பதை விண்டோஸ் கணினியில் பதிவு செய்ய விரும்புகிறோம். எங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடுகளே உள்ளன. டிரம்ஸின் இடது, வலது கேபிள்களைச் செருகினால் கிதாருக்கு இடமில்லை. புதியது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை. உங்கள் டிரம்ஸ் மாட்யூலில் (பேடுகள் இணைந்திருக்கும் ஒலிப்பெட்டியில்) யூஎஸ்பி மிடி வசதி இருந்தால், எந்த பேடை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அடித்தீர்கள் என்ற விவரத்தை அது நேரே கணினிக்கு அனுப்பிவிடும். மிடி என்பது ஒலி அல்ல, வாசிப்பின் குறிப்பு மட்டுமே. அதற்கு இன்டர்ஃபேஸின் உள்ளீடு எதுவும் தேவையில்லை. இடது, வலது ஒலியாகப் பதிவு செய்தால் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) ஒன்றாகக் கலந்துவிடுவதால், பிறகு ஸ்நேரை மட்டும் உயர்த்துவது மிகக் கடினம். மிடியில் ஒவ்வொரு அடியையும் தனியே திருத்தலாம். வாசித்து முடித்த பிறகும் வேறு டிரம்ஸ் ஒலியைப் பொருத்தலாம். நான்கு உள்ளீடுகள் இருந்தாலும் நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

கிதாரை முதல் உள்ளீட்டில் செருகி, 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' பொத்தானை அழுத்துங்கள். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் சாதாரண பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் மின்மறுப்புள்ள உள்ளீடு வேண்டும். லைன் உள்ளீட்டில் அதன் ஒலி மங்கிவிடும். மிக வலுவாக மீட்டும்போதும் அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள்.

மாட்யூலின் 'எல்/மோனோ' வெளியீட்டிலிருந்து ஒரே ஒரு கேபிளை இரண்டாம் உள்ளீட்டுக்குக் கொடுத்து, அதையும் தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போது இருவரும் கேட்பதற்கும், பின்னர் மிடியைச் சரிபார்ப்பதற்கும் இந்த ஒலி உதவும். மிடிப் பதிவு ஒலிப்பதிவுக்குச் சில மில்லிவினாடி முந்தியோ பிந்தியோ விழுவதுண்டு. பாடலுக்கு முன் ஸ்நேரில் நான்கு தனி அடிகள் அடித்து வைத்தால், இரு டிராக்குகளையும் பெரிதாக்கி ஒப்பிட்டு மிடியை நகர்த்திப் பொருத்தலாம். பதிவின்போது, மிடியைக் கொண்டு பதிவு மென்பொருள் எழுப்பும் டிரம்ஸ் ஒலியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

அதிகக் கவனம் வேண்டியது தாமதத்தில்தான். மென்பொருளில் ஒலிக் கருவியாக இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரை (விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை) மட்டும் தேர்ந்தெடுங்கள். மாட்யூல் மிடி பட்டியலில் இருந்தால் போதும். பஃபர் என்பது கணினி ஒரே தவணையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை. 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் அளவு 1024 என்றால் ஒரு வழித் தாமதமே 21 மில்லிவினாடியைத் தாண்டும். ஒலி கணினிக்குள் சென்று ஹெட்ஃபோனுக்குத் திரும்புவதற்குள் அது இரட்டிப்பாகி, உங்கள் தம்பியால் தாளத்தோடு ஒட்டி வாசிக்க முடியாமல் போகும். 128 என்று குறைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடிதான். ஆம்ப் ஒலியை மென்பொருளில் உருவாக்குகிறீர்கள் என்றால், இன்டர்ஃபேஸின் நேரடிக் கண்காணிப்பை (உள்ளீட்டு ஒலியைக் கணினி வழியாக இல்லாமல் நேரே ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதியை) அணைத்துவிடுங்கள். ஒரு ஸ்ப்ளிட்டர் வழியாக இருவரும் ஹெட்ஃபோனில் கேட்கலாம்.

பின்னர் மிடிக்கு டிரம்ஸ் ஒலியைப் பொருத்தும்போது, கிக் 36, ஸ்நேர் 38 என்ற பொது மிடி எண்களோடு உங்கள் மாட்யூலின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூடிய ஹைஹாட் (பெடலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) எப்போதும் திறந்ததுபோல் ஒலித்தால், பெடலின் நிலையைச் சொல்லும் கட்டுப்பாட்டு எண், பெரும்பாலும் 4, மென்பொருளில் சரியாக அமையவில்லை என்று பொருள்.

யூஎஸ்பி, ஒலி ஆகிய இரண்டு வழிகளிலும் மாட்யூல் இணைந்திருப்பதால் சில வீடுகளில் 'ம்ம்' என்ற இரைச்சல் வரும். எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இணையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள்.