ஜாமீனுக்கு மட்டும் மருமக, கணக்குக்கு வேண்டாமா?

கேள்வி: எனக்கு 34 வயசு. கரூர்ல எங்க மாமனார் ஆரம்பிச்ச ஹோம் டெக்ஸ்டைல்ஸ் எக்ஸ்போர்ட் கம்பெனி. கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் மேட் எல்லாம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகுது. பி.காம் முடிச்ச கையோட கல்யாணம், இப்ப பசங்க ஸ்கூல்ல இருக்காங்க. சில வருஷமா தினமும் ஆபீஸ் போறேன், ஆனா சாம்பிள் ரூம்ல கலர் பாக்குறதும் பையர் வந்தா கூட உக்கார்றதும்தான் என் வேலை. நூல் விலை, ரேட் போடறது, பேங்க் எதுவும் என் காதுக்கு வராது. ஆனா லோனுக்கு என்னையும் ஜாமீன் கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். டவல், பெட்ஷீட் செய்யற வெல்ஸ்பன் கம்பெனியோட தீபாலி கோயங்கா பத்திப் படிச்சேன், அவங்களும் சின்ன வயசுல கல்யாணமாகி லேட்டாதான் பிசினஸுக்கு வந்தாங்களாம். என்னால முடியுமா? எல்லாத்தையும் விட்டுட்டு எம்.பி.ஏ. படிக்கலாமா? – வாசகி, கரூர்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டர்ல எம்.பி.ஏ. பத்தி கேட்டதவிட, நடுவுல ஒரே வரில சொல்லிட்டுப் போன ஜாமீன் விஷயம்தான் எனக்கு மனசுல நின்னுச்சு. அதுக்கு வர்றேன். முதல்ல தீபாலி கோயங்கா.

நீங்க படிச்சது சரிதான். 18 வயசுல கல்யாணம், படிச்சது சைக்காலஜி, ரெண்டு பொண்ணுங்க கொஞ்சம் வளந்த பிறகு முப்பது வயசு வாக்குல, 2002 சமயத்துல, வீட்டுக்காரர் பி.கே. கோயங்கா நடத்திட்டிருந்த வெல்ஸ்பன்ல நுழைஞ்சாங்க. இதை வச்சு "வீட்ல இருந்த மருமக பெரிய கம்பெனிக்கு சிஇஓ ஆயிட்டாங்க"ன்னு ஒரு வரில எழுதிடறாங்க, எனக்கு அது பிடிக்கறதே இல்ல, ஏன்னா நடுவுல அவங்க செஞ்ச வேலை மொத்தமும் அந்த ஒரு வரில காணாமப் போயிடுது. குடும்பக் கம்பெனிங்கறதால உள்ள வர்றது அவங்களுக்கு சுலபமா இருந்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல. உங்களுக்கும் அந்த வசதி இருக்கு, நீங்களும் தினமும் உள்ள போய்ட்டுதான் வர்றீங்க. வித்தியாசம், உள்ள போனதும் கையில என்ன வேலை கிடைச்சதுங்கறதுலதான்.

அவங்க கையில எடுத்தது ஸ்பேசஸ்ங்கற பிராண்டு. வெல்ஸ்பன் முக்கியமா வெளிநாட்டுக் கடைகளுக்கு டவலும் பெட்ஷீட்டும் செஞ்சு அனுப்புற கம்பெனி, கிட்டத்தட்ட உங்க ஊர்ல நடக்கற அதே தொழில்தான், அளவுதான் ரொம்பப் பெருசு, குஜராத்ல அஞ்சார்லயும் வாபிலயும் ஃபேக்டரி. ஸ்பேசஸ் மட்டும் இங்க இருக்கற நம்ம வீடுகளுக்காக கம்பெனி தன் சொந்தப் பேர்ல வித்த சரக்கு. பிராண்டுன்னா கடை வாடகை இருக்கு, விக்காத ஸ்டாக்கு இருக்கு, எந்த டிசைன் ஓடுச்சு எது தேங்குச்சுன்னு மாசா மாசம் நம்பர் வந்து முன்னாடி நிக்கும், நல்லா போனாலும் போகலைன்னாலும் யாரைக் கேக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குக் குடுத்திருக்கற கலர் பாக்குற வேலை கேவலமான வேலை இல்ல, கரூர் சரக்கு விக்கறதே கலர்லயும் செக்டு டிசைன்லயும்தான். ஆனா நீங்க ரொம்ப நல்லா செஞ்சாலும் அது எந்தக் கணக்குலயும் உங்க பேர்ல ஏறாது, அதனாலதான் எத்தனை வருஷம் போனாலும் அடுத்த படி வரமாட்டேங்குது.

இன்னொண்ணும் நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், பேட்டிகள்ல இது பெருசா வராது. 2016 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டார்கெட் கடைக்காரங்க வெல்ஸ்பன் கூட இருந்த வியாபாரத்தையே முறிச்சுக்கிட்டாங்க. எகிப்து பருத்தின்னு லேபிள் போட்டு வந்த பெட்ஷீட்டுலயும் தலையணை உறையிலயும் வேற பருத்தி கலந்திருக்குன்னு, சுமார் 7,50,000 பீஸ், ரெண்டு வருஷமா போன சரக்கு. அடுத்தடுத்து மத்த பெரிய கடைகளும் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க, சில நாள்லயே ஷேர் விலை மூணுல ஒரு பங்குக்கும் மேல சரிஞ்சது. அப்ப கம்பெனியோட சிஇஓ தீபாலி கோயங்காதான். வெளியாள் ஆடிட்டர வச்சு சப்ளை முழுக்க சோதிச்சாங்க, அப்புறம் பருத்தி எந்தப் பண்ணைல இருந்து வந்துச்சு, எந்த மில்லுல நூலாச்சு, கடைசில எந்த ஷீட்டுக்குள்ள போச்சுன்னு தடம் பிடிக்கற வெல்-ட்ராக்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க. அந்த நம்பிக்கைய திரும்பக் கட்ட வருஷங்களாச்சு. 2023ல வெல்ஸ்பன் இந்தியாங்கற பேர் வெல்ஸ்பன் லிவிங்னு மாறினப்பவும் தலைமைல அவங்கதான் இருந்தாங்க.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பேக்கிங் மேல என்ன எழுதியிருக்குங்கறதும் துணிக்குள்ள என்ன இருக்குங்கறதும் ஒண்ணாதானான்னு தெரிஞ்ச ஆள் கம்பெனில ஒருத்தராவது இருக்கணும், நம்ம தொழில்ல தலைமைன்னா முதல்ல அதுதான். உங்க ஊருக்கும் இது தூரத்து விஷயம் இல்ல. 2020ல இந்தியாவுல 20,000 டன் பருத்திய போலி சர்ட்டிபிகேட்டோட ஆர்கானிக்னு காட்டியிருக்காங்கன்னு, ஆர்கானிக் துணிக்கான தரவிதிகளை வகுக்கற காட்ஸ் (GOTS) அமைப்பே வெளிய சொல்லுச்சு. உங்க கம்பெனில ஆர்கானிக் ஆர்டர் வந்தா டிசி (சரக்கு கை மாறும்போது கூட வர்ற டிரான்சாக்ஷன் சர்ட்டிபிகேட்) எல்லாம் யார் சரிபாக்குறாங்க, வாங்கின நூலோட கிலோவும் அனுப்பின துணியோட எடையும் ஒத்துப் போகுதான்னு யார் கூட்டிப் பாக்குறாங்க? நிறைய சின்ன கம்பெனில இதுக்குன்னு தனி ஆளே கிடையாது, மெர்ச்சண்டைசர் பையன் ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி ஃபைல் அடுக்குவாரு. பி.காம் படிச்ச உங்களுக்கு இது நல்லா வரும், யாரோட நாற்காலியையும் நீங்க பிடுங்கின மாதிரியும் ஆகாது.

அதனால "எனக்கும் ஒரு பதவி குடுங்க"ன்னு கேக்காதீங்க. டைரக்டர்னு விசிட்டிங் கார்டு அடிச்சுக் குடுத்துட்டு பழையபடி சாம்பிள் ரூமுக்கே அனுப்பிடுவாங்க. ஒரே ஒரு பையர, நடுத்தர அளவுல ஆர்டர் குடுக்கற ஒருத்தர, முழுசா உங்ககிட்ட விடச் சொல்லுங்க. என்கொயரி மெயில்ல ஆரம்பிச்சு பேங்க்ல பணம் ஏறுற வரைக்கும்.

அதுல முதல் வேலை காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கு என்ன செலவாகும்ங்கற கணக்கு. ஒரு கிச்சன் டவலுக்கு எந்த கவுண்ட் (நூலோட பருமன்) நூல், கிலோ என்ன விலை, நெசவுக் கூலி பிக் (குறுக்கு இழை) கணக்குல எவ்வளவு வருது, சாயம், வேஸ்ட்டேஜ், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி வரைக்கும் லாரி வாடகை, டிராபேக், அதாவது ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தர்ற வரி, எவ்வளவு வருது, எல்லாத்தையும் நீங்களே ஒரு ஷீட்ல போட்டுப் பழகுங்க. பழைய ஆர்டர் ஒண்ண எடுத்து அன்னிக்கு என்ன ரேட் குடுத்தோம், கடைசில உண்மையா என்ன செலவாச்சுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தா நிறைய புரியும். ரேட் குடுக்கறது இன்னிக்கு, நூல் வாங்கறது கொஞ்ச நாள் கழிச்சு, சரக்கு ஏறுறது ரெண்டு மூணு மாசம் கழிச்சு, பணம் வர்றது அதுக்கும் அப்புறம், இந்த இடைவெளில நூலும் டாலரும் எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. 2021-22ல நூல் விலை தாறுமாறா ஏறினப்ப கரூரும் திருப்பூரும் பட்ட பாடு உங்க வீட்டுச் சாப்பாட்டு நேரத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒத்துக்கிட்ட ரேட்டுக்கு சரக்கு குடுத்தாகணும், வாங்கற நூல் வேற விலை. உங்க மாமனாருக்கு இதெல்லாம் மனக்கணக்கு. அவர் தலைக்குள்ள இருக்கறத காகிதத்துல கொண்டு வர்ற ஆள் அந்தக் கம்பெனிக்கு உண்மையிலேயே தேவை, அதை அவர்கிட்ட உக்காந்து கேட்டுக் கத்துக்கறது அவருக்கும் மரியாதைதான். பெரியவங்க நிறைய பேருக்கு யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு ஏக்கம் இருக்கு.

இப்ப அந்த ஜாமீன் விஷயம். இந்தியன் கான்ட்ராக்ட் ஆக்ட் 128ஆவது பிரிவுப்படி, வேற மாதிரி எழுதிக்கலைன்னா, ஜாமீன் போட்டவங்களோட பொறுப்பு கடன் வாங்கினவங்களோட பொறுப்புக்கு சமம். கம்பெனிக்கு ஒரு கஷ்டம் வந்தா, முதல்ல அவங்ககிட்ட வசூல் பண்ணிட்டு அப்புறம் என்கிட்ட வாங்கன்னு நீங்க சொல்ல முடியாது, பேங்க் நேரா உங்ககிட்டயே வரலாம். உங்க பேர்ல இருக்கற நகை, இடம், எஃப்டி எல்லாம் இந்தப் பேச்சுக்குள்ள வருது. ஆனா உங்களோடது பார்ட்னர்ஷிப் கம்பெனியா இருந்தா, கணக்குப் புத்தகத்தைப் பாக்கற உரிமையை பார்ட்னர்ஷிப் சட்டம் பார்ட்னருக்குத்தான் குடுக்குது, ஜாமீன் போட்ட மருமகளுக்குக் குடுக்கல. ஆக கம்பெனி விழுந்தா அடி உங்களுக்கும் உண்டு, எப்படி ஓடிட்டிருக்குன்னு பாக்கற இடத்துல மட்டும் நீங்க இல்ல. இது எனக்கு நியாயமாவே படல, இதை நீங்க வாய் விட்டுச் சொல்லணும். எத்தனையோ வீட்ல பொண்ணுங்க எந்தப் பேப்பர்னு கூடப் படிக்காம சமையல் கட்டுல இருந்து கை துடைச்சுட்டு வந்து கையெழுத்து போட்டுட்டுப் போறாங்க, அது மாறணும்.

முதல்ல கையெழுத்து போட்ட பேப்பரோட காப்பி வாங்குங்க, எவ்வளவு தொகைக்கு, எந்த லிமிட்டுக்குன்னு பாருங்க. அடுத்த தடவை லிமிட் (பேங்க் குடுக்கற கடன் வரம்பு) ரின்யூவல் வர்றப்ப மறுபடி கையெழுத்துக்கு வருவாங்க, பேசறதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அப்ப சண்டையா இல்லாம, நான் கையெழுத்து போடறேன், ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை லோன் நிலவரமும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் எனக்குக் காட்டணும், பார்ட்னர்ஷிப் டீட்ல என் பேரையும் சேக்கறத பத்தி ஆடிட்டர்கிட்ட பேசணும்னு கேளுங்க. பார்ட்னர் ஆனா பொறுப்பும் சேந்துதான் வரும், உங்க ஆடிட்டர் இல்லாம வேற ஒரு ஆடிட்டர்கிட்டயும் தனியா ஒரு தடவை விசாரிச்சுக்கோங்க. சம்பளம்னு ஒண்ணு உங்க பேர்ல பேங்க்ல ஏறணும், அது எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் சரி.

எம்.பி.ஏ.வுக்காக வேலைய விடாதீங்க. தீபாலி கோயங்கா ஹார்வர்டு போய்ப் படிச்சதா எல்லாரும் சொல்வாங்க, அது தொழில் நடத்திட்டு இருக்கறவங்களுக்காகவே உள்ள ஓபிஎம்ங்கற கோர்ஸ், கையில ஒரு கம்பெனியோட பிரச்சனை இருந்தாதான் அந்த வகுப்புல உக்கார்றதுக்கே அர்த்தம். உங்களுக்கு இப்ப வேண்டியது கோயம்புத்தூர் சிட்ரா (டெக்ஸ்டைல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி இடத்துல நடக்கற குறுகிய கால டெக்ஸ்டைல் பயிற்சிகள், நூல்லயும் துணிலயும் டெஸ்ட் ரிப்போர்ட் படிக்கக் கத்துக்கறது. முடிஞ்சா ஜனவரில ஜெர்மனி ஃப்ராங்ஃபர்ட்ல நடக்கற ஹைம்டெக்ஸ்டில்ங்கற ஹோம் டெக்ஸ்டைல்ஸ் கண்காட்சிக்கு வீட்டுக்காரர் போறப்ப நீங்களும் போங்க, ஸ்டால்ல சாம்பிள் மடிச்சு வைக்கற ஆளா போகாம உங்க பையருக்கு உங்க காஸ்டிங் ஷீட்ட வச்சு நீங்களே ரேட் சொல்ற ஆளா போங்க.

"இது இதுக்கெல்லாம் நேரமா"ன்னு வீட்ல சொல்வாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரிய 50 சதவீதத்துக்குக் கொண்டு போனதுல கரூர் எவ்வளவு ஆடிப் போச்சுன்னு எனக்கும் தெரியும். என்னைக் கேட்டா சரியான நேரமே அந்த மாதிரி நேரம்தான், ஆர்டர் கொட்டறப்ப யாருக்கும் உக்காந்து சொல்லிக் குடுக்க நேரம் இருக்காது, ஒவ்வொரு பைசாவையும் எண்ணிப் பாக்க வேண்டி வர்றப்பதான் இன்னொரு ஜோடி கண்ணு தேவைப்படும்.

மாமனார்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட தனியா பேசிடுங்க, எல்லார் முன்னாடியும் திடீர்னு கேட்டா அவரும் அப்பா பக்கம்தான் நிப்பாரு. போறப்ப வெறுங்கையோட போகாதீங்க, அந்தப் பழைய ஆர்டரோட காஸ்டிங் ஷீட்ட போட்டு எடுத்துட்டுப் போங்க, தப்பு இருந்தா அவங்களே திருத்தட்டும்.