எல்இடி லைட் வெளிச்சம் போட்டோவுக்குப் போதுமா?

கேள்வி: சார், 60 வாட் எல்இடி லைட் வாங்கினேன். பார்த்தால் கண் கூசுகிறது, படமோ இருட்டாக வருகிறது. ஏன்?

பதில்: கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிவிடும், கேமரா அப்படியில்லை. ஷட்டர் 1/125 நொடி திறக்கும்போது உங்கள் லைட் செலவழிப்பது அரை ஜூல் மின்சாரம். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃபிளாஷ் 60 ஜூல் அளவுக்கு ஒரே வெட்டில் கொட்டிவிடும். எல்இடி சிக்கனமானதுதான், ஆனாலும் இந்த இடைவெளி அடைபடாது. போதாக்குறைக்கு, வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன் மாட்டும் சாஃப்ட்பாக்ஸ் வேறு வெளிச்சத்தைத் தின்னும். முதலில் லைட்டைக் கிட்டே இழுங்கள். 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. காசு செலவில்லாமல் இரண்டு ஸ்டாப்! (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு.)

கேள்வி: அண்ணா, கவரிங் நகை படம் எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். ஃபிளாஷ் வாங்கணுமா?

பதில்: வேண்டாம்மா. நகை அசையாதே! ட்ரைபாட் போட்டு, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார எண், எண் கூடினால் துவாரம் சிறிது) 11 வைத்து, வெளிச்சம் சரியாக வரும்வரை ஷட்டரை நீட்டுங்கள். அரை நொடி, ஒரு நொடி ஆனாலும் பரவாயில்லை. கை படாமல் டைமரில் எடுங்கள். சின்ன லைட்டே தாராளம். சொல்லப்போனால் நகைக்கு எனக்கு எல்இடிதான் பிடிக்கும். போன வாரம் ஒரு ஜிமிக்கி எடுத்தேன். சிவப்புக் கல்லின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. லைட்டை இரண்டு விரல் அளவு நகர்த்தினேன், பொட்டு விளிம்புக்கு ஓடிவிட்டது. ஃபிளாஷில் இதை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். லைட் வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான லைட்டில் சிவப்புதான் முதலில் செத்துப்போகும். அப்புறம், அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் தங்க நிறம் கெட்டுவிடும்.

கேள்வி: இரண்டு வயதுப் பையன் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறான். எல்லாப் படமும் கலங்கலாக வருகிறது.

பதில்: ஷட்டர் குறைந்தது 1/250 நொடி வேகத்தில் வேண்டும். எல்இடி மட்டும் என்றால் எஃப் 2 லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 வரை போக வேண்டியிருக்கும். ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடியுங்கள், அதுதான் வழி. பிள்ளையின் முகத்துக்கு நேரே எல்இடியை வைக்காதீர்கள்.

கேள்வி: படத்தில் கோடு கோடாக விழுகிறதே?

பதில்: மலிவான பல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: உச்சி வெயிலில் கல்யாண ஜோடிக்கு 100 வாட் எல்இடி போதுமா?

பதில்: போதாது. ஃபிளாஷ் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மர நிழலுக்கு அழைத்துப் போங்கள்.