கண்ணாடி அரிமானம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அணுக்கழிவைக் கண்ணாடியில் அடைப்பது என்றால் குடுவையில் ஊற்றி மூடுவதா? (தேவகோட்டை)

பதில்: இல்லை. கழிவின் ஆக்ஸைடுகள் ஏறத்தாழ 1000 டிகிரியில் போரோசிலிகேட் (போரான் கலந்த கண்ணாடி) உருகலில் கரைந்து, கண்ணாடியின் அணுவலையிலேயே இடம்பிடித்துக்கொள்கின்றன. அதன்பிறகே எஃகுக் கலம்.

கேள்வி: பரணில் அடுக்கிவைத்த பெல்ஜியம் கண்ணாடிகளில் வானவில் நிறம் தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. (கானாடுகாத்தான்)

பதில்: அது அழுக்கன்று, அரிமானம்; அதாவது நீர் கண்ணாடியை மெல்ல அரிப்பது. தகடுகளுக்கிடையே தங்கிய ஈரத்தில் கண்ணாடியின் சோடியம் வெளியேற, அந்த இடத்தில் நீரின் ஹைட்ரஜன் புகுந்திருக்கிறது. வெளியேறிய சோடியம் ஈரத்தைக் காரமாக்க, அந்தக் காரம் சிலிகா வலையையே தின்னத் தொடங்குகிறது. அணுக்கழிவுக் கண்ணாடி நீரில் அரிபடும் முதற்படியும் இதுவே. மீதித் தகடுகளையாவது உலர்த்தி, இடையில் காகிதம் வைத்து நிறுத்துங்கள்.

கேள்வி: அணுக்கழிவுக் கண்ணாடி நாளுக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரிகிறது என்று படித்தேன். 1000 ஆண்டில் 36 சென்டிமீட்டர் கரைந்துவிடாதா? (காரைக்குடி)

பதில்: எந்த வெப்பநிலையில், எவ்வளவு காரத்தில், நின்ற நீரிலா ஓடும் நீரிலா என்று எதையும் குறிக்காமல் பெருக்கியிருக்கிறீர்கள். மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரிலிருந்தே இப்படி வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. அரிமானத்தில் முதல்நாள் வேகத்தை ஆயுள் முழுதுக்கும் நீட்டக் கூடாது என்று எத்தனை முறை எழுதினாலும் இதே கணக்கு திரும்பி வருகிறது. நீங்கள் படித்தது ஏறத்தாழ 90 டிகிரியில், புதுநீரில் காணும் தொடக்க வேகம். நீர் ஊருணிபோல் நின்றால், கரைந்த சிலிகா அதில் செறிந்து, கண்ணாடியின் மேல் நுண்துளைகள் கொண்ட கூழ்ப்படலம் உருவாகிறது. அதற்குப்பின் வேகம் ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு குறைகிறது. வாய்க்கால்போல் ஓடினால் சிலிகா அடித்துச் செல்லப்படுவதால் அந்தக் காப்பு கிடைக்காது. நின்ற நீரிலும் ஒரு கவலை உண்டு: காரம் ஏறி ஜியோலைட் (சிலிகாவும் அலுமினியமும் சேர்ந்த கனிமம்) படிகங்கள் தோன்றினால், அவை கூழிலிருந்து சிலிகாவை இழுத்துக்கொள்ள, அரிமானம் மீண்டும் வேகமெடுக்கலாம். ஆய்வாளர்கள் அஞ்சுவது இதைத்தான். உங்கள் 36 சென்டிமீட்டரை அல்ல.

கேள்வி: அரிமானத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? (புதுவயல்)

பதில்: போரானைக் கொண்டு. அது மேற்படலத்தில் தங்காமல் நீருக்குப் போய்விடுகிறது.

கேள்வி: கழிவுக் கண்ணாடியை வார்த்த உடனே புதைத்தால் என்ன? (பள்ளத்தூர்)

பதில்: கூடாது. சூட்டில் அரிமானம் பெருகும். கழிவைச் சூடாக்கும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137இன் அரைவாழ்வு 30 ஆண்டு என்பதால், பல பத்தாண்டுகள் காற்றில் ஆறவைக்க வேண்டும்.

கேள்வி: பூக்கல் (சிமென்ட் தரை ஓடு) வார்க்கும் கண்ணாடித் தகடுகள் ஏன் மங்குகின்றன? (ஆத்தங்குடி)

பதில்: ஈரச் சிமென்ட்டின் பிஹெச் (அமில-கார அளவு; 7க்கு மேல் காரம்) 12க்கு மேல், அந்தக் காரம் சிலிகா வலையை அறுக்கும். ஈரம் காயுமுன் கழுவிவிடுங்கள். அணுக்கழிவுப் புதைகுழியில் கான்கிரீட்டைக் கண்ணாடிக்கு அருகில் வைக்கத் தயங்குவதும் இதனால்தான். மீண்டும் சொல்கிறேன்: வெப்பநிலை, காரம், நீரோட்டம் மூன்றும் தெரியாமல் வேகம் பேசாதீர்கள்.

கேள்வி: ஆயிரம் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க வழி உண்டா? (கோட்டையூர்)

பதில்: உண்டு. பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலின் கண்ணாடிக் கட்டிகள் சுமார் 1800 ஆண்டுகள் கடலடியில் கிடந்தன. கடல்நீர் தாராளமாகப் பட்ட விளிம்புகளில் அரிமானம் ஆழமாகவும், நீர் நகர இடமில்லாத உள்விரிசல்களில் மிக மெல்லியதாகவும் இருந்தது.